தடுப்பதும் விடுப்பதும்

நம் உடலின் உயிரணுக்களில், முதிர்ந்த சிவப்பணுக்கள் போன்ற சிலவற்றை நீக்கிவிட்டால், ஏனைய அனைத்திலும் ஒரே மரபுச் சுவடிதான் வைக்கப்பட்டிருக்கிறது. கல்லீரலின் அணுவில் இருப்பதும் விழித்திரையின் அணுவில் இருப்பதும் அதே டி.என்.ஏ.; அதே ஏறத்தாழ 20,000 புரதங்களுக்கான குறிப்புகள். எனினும் கல்லீரல் ஒளியைக் காண்பதில்லை. கண் பித்தநீர் சுரப்பதில்லை. ஆண்டு முழுவதற்குமான வாசகங்கள் ஒரே நூலில் அடங்கியிருந்தாலும், அன்றைக்குரிய பகுதியில் நாடா வைத்து அதை மட்டும் வாசிக்கிறோம் அல்லவா? அதுபோல ஒவ்வோர் அணுவும் தனக்குரிய பகுதிகளை மட்டும் ஆர்.என்.ஏ. எனும் நகலாகப் படியெடுத்துக்கொள்கிறது. மற்றவற்றை மூடியே வைத்திருக்கிறது. அப்படியானால் நாடாவை வைப்பது யார்?

இன்று பள்ளி மாணவரும் விடை கூறுவர்: சில புரதங்கள் டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, படியெடுக்கும் நொதியைத் தடுக்கின்றன அல்லது அழைக்கின்றன. விடை ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியைக் கண்டடைய ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. அதன் பெரும்பகுதி பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில், கூரைக்கடியில் அமைந்த ஒரு மேன்மாடத்தில் நிகழ்ந்தது. அங்கே உழைத்தவர்கள் போரின் நெருப்பைக் கடந்து வந்தவர்கள். பாடநூல்கள் கண்டுபிடிப்பைச் சொல்லி மனிதரை விட்டுவிடுகின்றன. நாம் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்க விரும்புகிறோம்.

ஜாக் மோனோ 1910இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை ஓவியர், பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு மரபில் வந்த குடும்பம், தாய் அமெரிக்கர். இளமையில் இவருக்கு அறிவியலைவிட இசையில் நாட்டம் மிகுதி என்றே நண்பர்கள் எண்ணினர். செல்லோ வாசிப்பார், பாக்கின் இசைக்கோவைகளைப் பாடும் குழுவொன்றை நடத்தினார். 1934இல் 'பூர்குவா பா' என்னும் ஆய்வுக் கப்பலில் கிரீன்லாந்து சென்று வந்தார். 'ஏன் கூடாது' என்பது அப்பெயரின் பொருள். 1936இல் அதே கப்பலில் மீண்டும் செல்லவிருந்தவர், மரபியல் கற்பதற்காகக் கலிபோர்னியா செல்லும் வாய்ப்புக் கிடைத்ததால் பயணத்தை விடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஐஸ்லாந்துக் கரையருகே அக்கப்பல் உடைந்தது. ஒருவரைத் தவிர எல்லாரும் மாண்டனர். கலிபோர்னியாவிலோ அவர் படிப்பில் பெரிதாக எதுவும் சாதித்ததாகத் தெரியவில்லை. அங்கும் இசைக்குழு நடத்திக்கொண்டிருந்தார்.

1940இல் ஜெர்மானியப் படை பாரிஸைக் கைப்பற்றியிருந்தபோது, சோர்போன் பல்கலைக்கழகத்தில் மோனோ செய்துகொண்டிருந்த வேலை மிக எளியது. மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிருக்கு இரண்டு வகைச் சர்க்கரைகளைக் கலந்து கொடுத்து, அது பெருகும் வேகத்தை அளந்தார். சில இணைகளில் வளர்ச்சிக்கோடு ஒரே சீராக ஏறியது. ஆனால் குளுக்கோசையும் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தபோது, கோடு ஏறியது, நின்றது, சற்று நேரம் படுத்துக் கிடந்தது, பிறகு மீண்டும் ஏறியது. நுண்ணுயிர் முதலில் குளுக்கோசை உண்டு தீர்த்து, பின் ஏதோ ஆயத்தம் செய்துகொண்டு, அதன் பிறகே பால் சர்க்கரையைத் தொட்டது. சமையற்கட்டில் எளிதான உணவு இருக்கும்வரை தேங்காய் உடைக்க யாரும் அரிவாளைத் தேடுவதில்லை. ஆயினும் மூளையற்ற ஓர் அணு எவ்வாறு 'இது முன், அது பின்' என்று தேர்கிறது?

அவ்வாண்டு டிசம்பரில் மோனோ அந்தக் கோட்டைப் பாஸ்டர் நிறுவனத்தின் ஆந்த்ரே லுவோஃப் என்பவரிடம் காட்டினார். இது நொதித் தகவமைவோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்றார் லுவோஃப். அப்படியென்றால் என்னவென்று மோனோ கேட்டார். தாம் அன்று அதை அறிந்திருக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் நோபல் உரையிலேயே அவர் மறைக்காமல் கூறினார். உணவைக் கண்ட பிறகே அதைச் செரிக்கும் நொதியை நுண்ணுயிர் உண்டாக்கிக்கொள்கிறது என்னும் செய்தி முன்பே அறியப்பட்டிருந்தது. காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அது ஆய்வுக்கு உகந்த காலமாக இல்லை. மோனோவின் மனைவி ஒடெட் யூத குலத்தவர். மோனோ தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் இணைந்தார். பல்கலைக்கழக ஆய்வகம் பாதுகாப்பற்றதாக மாறவே, லுவோஃப் தம் மேன்மாடத்தில் அவருக்கு இடமளித்தார். பகலில் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை. மற்ற நேரத்தில் வேறு பெயரில் வேறு வாழ்க்கை. 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையுற்றபோது அவர் எதிர்ப்புப் படையின் தலைமை அலுவலர்களுள் ஒருவராக விளங்கினார். பின்னர்ப் படையில் இருந்தபோது, அமெரிக்கப் படையினரின் நடமாடும் நூலகம் ஒன்றில் சில அறிவியல் இதழ்கள் அவர் கைக்குக் கிடைத்தன. மரபுப் பொருள் டி.என்.ஏ.யே என்று எடுத்துரைத்த ஏவரியின் 1944ஆம் ஆண்டுக் கட்டுரையை அங்குதான் அவர் முதலில் படித்தார். பீரங்கிகளின் இடையே வந்து சேர்ந்த அந்தத் தாள்கள் அவர் எஞ்சிய வாழ்வைத் திசைதிருப்பின எனலாம்.

அதே பாஸ்டர் நிறுவனத்தில் யூஜீன் வோல்மான், எலிசபெத் வோல்மான் என்னும் தம்பதியர் பல ஆண்டுகளாக ஒரு விந்தையை ஆராய்ந்து வந்தனர். நுண்ணுயிரைத் தாக்கும் சில வைரசுகள் அதைக் கொல்லாமல் அதற்குள்ளேயே உறங்கிவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கடந்து, என்றோ ஒருநாள் விழித்து அணுவை உடைத்து வெளிவருகின்றன. 1943 டிசம்பரில் இருவரும் கைது செய்யப்பட்டு அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கேள்வியைப் போருக்குப் பின் லுவோஃப் எடுத்துக்கொண்டார். 1950இல் புறஊதா ஒளி பட்டால் உறங்கும் வைரசு விழிக்கிறது என்று கண்டார். அவ்வாய்வைப் பின்னர் முன்னெடுத்தவர்களுள் ஒருவர் எலி வோல்மான், அத்தம்பதியரின் மகன். பெற்றோர் ஆய்வு செய்த அதே நிறுவனத்தில், அதே உறங்கும் வைரசைப் பற்றி அவர் தம் குறிப்பேட்டை விரித்தார் என்பதை அறியும்போது நாம் சற்று நின்றுதான் மேலே செல்ல முடிகிறது.

மூன்றாமவர் பிரான்சுவா ஜாக்கப். 1920இல் நான்சி நகரில் பிறந்த யூதர். அறுவை மருத்துவராக வேண்டும் என்பது கனவு. 1940 ஜூனில் தாயைப் பறிகொடுத்த சில நாட்களிலேயே, பத்தொன்பதாம் பிறந்தநாளைக் கடந்து இருபதை எட்டும் வேளையில், நாட்டைவிட்டுக் கப்பலேறி இங்கிலாந்து சென்று சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் படை மருத்துவப் பணி. 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் விமானக் குண்டு வீச்சில் படுகாயமுற்றார். உடலில் தங்கிய உலோகத் துண்டுகளும் ஊனமுற்ற கையும் அறுவை மருத்துவராகும் கனவை முடித்துவைத்தன. முப்பதை நெருங்கிய வயதில், ஆய்வு அனுபவம் ஏதுமின்றி, லுவோஃபின் கதவைத் தட்டினார். பலமுறை இடமில்லை என்ற விடையே கிடைத்தது. கடைசியில் ஒருநாள் லுவோஃப் மகிழ்ச்சியோடு, உறங்கும் வைரசைத் தூண்டி எழுப்பும் வழியைக் கண்டுவிட்டோம், அதில் ஆர்வமுண்டா என்று கேட்டார். என்ன பேசுகிறார் என்று புரியாமலே, அதுவே தம் விருப்பம் என்று ஜாக்கப் சொன்னாராம். தம் தன்வரலாற்று நூலில் அவரே இதைக் குறிப்பிடுகிறார்.

ஆக, மேன்மாடத்தின் நடைபாதையில் ஒரு முனையில் மோனோவின் பால் சர்க்கரை. மறுமுனையில் ஜாக்கப், வோல்மானின் உறங்கும் வைரசு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர்.

மோனோவின் பக்கத்தில் 1950களின் நடுவில் நிலைமை இதுதான். பால் சர்க்கரையை உடைக்கும் நொதி ஒன்று. அதை அணுவுக்குள் கொண்டுவரும் வாயிற்காவலன் போன்ற புரதம் ஒன்று. பால் சர்க்கரை இல்லாதபோது இவை ஏறத்தாழ இல்லை. வந்தால் ஆயிரம் மடங்கு பெருகுகின்றன. ஆனால் சில திரிந்த நுண்ணுயிர்கள், பால் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓயாமல் இந்நொதியைச் செய்துகொண்டே இருந்தன. அவற்றில் மாறிப்போயிருந்தது நொதிக்கான மரபணு அன்று. பக்கத்தில் உள்ள மற்றொரு மரபணு. அதற்கு 'ஐ' என்று பெயரிட்டனர். இந்த 'ஐ' என்ன செய்கிறது?

மோனோ ஒரு விளக்கத்தில் ஊன்றி நின்றார். திரிந்த அணுக்கள் தாமாகவே உள்ளுக்குள் ஒரு தூண்டுபொருளை உண்டாக்கிக்கொள்கின்றன. ஆகவே வெளியிலிருந்து சர்க்கரை வர வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். தூண்டினால் இயங்கும், தூண்டாவிட்டால் சும்மா இருக்கும் என்பதுதானே நம் அன்றாட அறிவுக்கும் பொருந்துவது? இதற்கு நேர்மாறான சாத்தியத்தை எடுத்துரைத்தவர்களுள் லியோ சிலார்ட் ஒருவர். அணுக்கருத் தொடர்வினையை முதன்முதலில் எண்ணத்தில் கண்ட இயற்பியலர் அவர். அணுகுண்டைக் கண்டு நெஞ்சம் கலங்கிப் பின்னாளில் உயிரியல் பக்கம் திரும்பியவர். தூண்டுபொருள் தூண்டுவதே இல்லை, அது ஏற்கெனவே இருக்கும் ஒரு தடையை நீக்குகிறது என்று கொண்டால் என்ன என்பது அவர் வினா. தம் எண்ணத்தை அசைத்ததில் சிலார்டுக்குப் பங்குண்டு என்று மோனோ நோபல் உரையில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

தீர்ப்பு கூற ஒரு சோதனை வேண்டும். அதற்குக் கருவி நடைபாதையின் மறுமுனையில் தயாராக இருந்தது. ஈ. கோலையில் 'ஆண்' அணு தன் மரபிழையை 'பெண்' அணுவுக்குள் மெல்ல மெல்லச் செலுத்துகிறது. முழுதும் செல்ல ஏறத்தாழ நூறு நிமிடம் ஆகும். சமையலறை மிக்சி போன்ற கருவியில் இட்டுக் கலக்கினால் இணை பிரிந்துவிடும். ஆகவே எந்த மரபணு எத்தனையாவது நிமிடத்தில் நுழைந்தது என்று ஜாக்கப்பும் வோல்மானும் கணக்கிட்டிருந்தனர். முக்கியமான செய்தி: ஆணிலிருந்து டி.என்.ஏ. மட்டுமே செல்கிறது, அணுவின் மற்றச் சாரம் செல்வதில்லை.

1957இல் கலிபோர்னியாவிலிருந்து ஓராண்டு விடுப்பில் வந்திருந்த ஆர்தர் பார்டீயோடு மோனோவும் ஜாக்கப்பும் சோதனையைத் தொடங்கினர். 'ஐ' மரபணுவும் நொதி மரபணுவும் நன்னிலையில் உள்ள ஆண். இரண்டும் பழுதான பெண். பால் சர்க்கரையோ அதைப் போன்ற எதுவோ கிடையாது. இப்போது எண்ணிப் பாருங்கள். மோனோ கருதியபடி பழுதான 'ஐ' உள்தூண்டுபொருளை உண்டாக்குமானால், பெண்ணணுவில் அது ஏராளமாக இருக்கும். நுழைந்த நொதி மரபணு இயங்கிக்கொண்டே இருக்கும். மாறாக, நன்னிலை 'ஐ' ஒரு தடுப்பானை உண்டாக்குமானால், பெண்ணணுவில் தொடக்கத்தில் தடுப்பான் இல்லை. ஆகவே நொதி உடனே உருவாகும். சற்று நேரத்தில், உடன் நுழைந்த 'ஐ' தன் தடுப்பானைச் செய்து குவித்தவுடன், நொதி உருவாவது நின்றுபோகும்.

நுழைந்த சில நிமிடங்களில் நொதி தோன்றியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் உற்பத்தி நின்றது. அப்போது தூண்டுபொருளைச் சேர்த்தால் மீண்டும் தொடங்கியது. மோனோவின் விளக்கம் வீழ்ந்தது. அதை வீழ்த்திய சோதனையில் அவர் பெயரும் இருந்தது. மூவரின் பெயர்களின் முதலசைகளைக் கோத்துப் 'பாஜாமோ' என்று அச்சோதனையை ஆய்வகங்களில் அழைத்தனர். வேடிக்கையாகப் 'பைஜாமா' என்பாரும் உண்டு.

தடுப்பான் உண்டு என்று தெரிந்தது. அது எதைத் தடுக்கிறது? 1958 ஜூலையில் ஒரு ஞாயிறு பிற்பகல், கட்டுரை எழுத முடியாமல் சலித்த ஜாக்கப் மனைவியோடு திரைப்படம் பார்க்கச் சென்றார். படம் சுவைக்கவில்லை. இருட்டில் கண்மூடி அமர்ந்திருந்தபோது நடைபாதையின் இரு முனைகளும் அவர் உள்ளத்தில் இணைந்தன. உறங்கும் வைரசும் உறங்கும் நொதியும் ஒன்றே: இரண்டிலும் ஒரு தடுப்பான் டி.என்.ஏ.யின் மீதே நேராக அமர்ந்து, ஒரு தொகுதி மரபணுக்களை ஒருசேர மூடிவைக்கிறது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார்களாம். மோனோ திரும்பியதும் சொன்னார். மோனோ முதலில் ஏற்கவில்லை. மரபணு என்பது எட்டாத் தொலைவில் உள்ள சட்டம் போன்றது, அதை நேராகத் தொட்டு மூடுவதும் திறப்பதுமா என்ற தயக்கம் அன்று பலருக்கும் இருந்தது. மேலும், வெறும் 'ஆம்', 'இல்லை' என்னும் இரு நிலைகளை வைத்து உற்பத்தியைக் கூட்டவும் குறைக்கவும் எவ்வாறு முடியும்? ஜாக்கப்பின் சிறுமகன் மின்சார ரயில் பொம்மையின் விசையை விரைந்து விரைந்து போட்டும் அணைத்தும் வேகத்தைக் கட்டுப்படுத்தியது இதற்கு விடையளித்தது. குழந்தைகள் விளையாடும்போது பெரியவர்கள் செய்தித்தாளில் முகம் புதைக்காமல் இருப்பது நல்லது.

அதன்பின் வேலை விரைந்தது. தடுப்பான் அமரும் இடம் டி.என்.ஏ.யில் இருக்குமானால், அந்த இடமே பழுதாகித் தடுப்பான் அமர முடியாத நுண்ணுயிர்களும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கூறித் தேடினர், கிடைத்தன. ஒரே இடத்திலிருந்து கட்டுப்படும் மரபணுத் தொகுதிக்கு 1960இல் 'ஓப்பரான்' என்று பெயர் சூட்டினர். அவ்வாண்டு புனித வெள்ளியன்று, ஏப்ரல் 15ஆம் நாள், கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் அறையில் ஜாக்கப், பிரான்சிஸ் கிரிக் முதலியோர் கூடிப் பேசினர். 'பாஜாமோ' சோதனையில் நொதி உடனே தோன்றி உடனே நின்றதென்றால், மரபணுவுக்கும் புரதத் தொழிற்கூடத்துக்கும் இடையே அற்ப ஆயுளுடைய நகல் ஒன்று ஓட வேண்டும் என்பது அங்கே பொறிதட்டியது. தூது ஆர்.என்.ஏ. என்று நாம் இன்று அழைப்பது அதுவே. அவர்கள் நாளைத் தேர்ந்து கூடவில்லை. கல்லூரி விடுமுறை, அவ்வளவே. ஜூன் மாதம் கலிபோர்னியாவில் மேத்யூ மெசல்சனுடன் சேர்ந்து அதைச் சோதித்தபோது வாரக்கணக்கில் எதுவும் சரிவரவில்லை. கடற்கரையில் சோர்ந்து அமர்ந்திருந்த பிரென்னர் திடீரென்று, மக்னீசியம் போதவில்லை என்று கத்தினார். கூட்டிச் சேர்த்ததும் சோதனை வென்றது.

1961இல் வெளியான ஜாக்கப், மோனோவின் நீண்ட கட்டுரை உயிரியலின் பெருங்கட்டுரைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதில் ஒன்று மட்டும் தவறு. தடுப்பான் பெரும்பாலும் ஆர்.என்.ஏ.யாகவே இருக்கும் என்று அவர்கள் கருதினர். புரதம் என்று எண்ணவில்லை. 1965 டிசம்பரில் லுவோஃப், மோனோ, ஜாக்கப் மூவரும் நோபல் பரிசு பெற்றபோதும் தடுப்பானை எவரும் கண்ணால் கண்டதில்லை. அது எதனால் ஆனது என்பதையும் எவரும் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கவில்லை.

காண்பது எளிதன்று. ஓர் அணுவில் லட்சக்கணக்கான புரத மூலக்கூறுகள். அவற்றுள் இந்தத் தடுப்பான் பத்துப் பிரதிகள் அளவே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருவர் துணிந்தனர். ஒருவர் வால்ட்டர் கில்பர்ட், கோட்பாட்டு இயற்பியலிலிருந்து வந்தவர். மற்றவர் பென்னோ முல்லர்-ஹில், 1933இல் பிறந்த ஜெர்மானிய வேதியியலர். தூண்டுபொருளைப் போன்றதாயினும் நுண்ணுயிரால் செரிக்கப்படாத ஒரு செயற்கைச் சர்க்கரைக்குக் கதிரியக்க அடையாளமிட்டு, அணுச்சாறு நிரப்பிய சவ்வுப் பையைச் சுற்றி வைத்தனர். சாற்றில் தடுப்பான் இருந்தால் அது சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். பைக்குள் அடையாளம் சற்றே மிகும். சாதாரணத் தடுப்பானின் பிடி போதாது என்று, இறுகப் பற்றும் திரிந்த வகையொன்றைத் தேடிப் பிடித்தனர். 1966 இறுதியில் முடிவு வெளியாயிற்று: தடுப்பான் புரதமே. அதே பல்கலைக்கழகத்தில் போட்டியாக உழைத்த மார்க் டாஷ்னி 1967இன் தொடக்கத்தில், உறங்கும் வைரசின் தடுப்பானைப் பிரித்தெடுத்தார். அதுவும் புரதமே, அதுவும் தனக்குரிய டி.என்.ஏ.யின் மீதே அமர்கிறது என்று காட்டினார். திரையரங்க இருட்டில் ஜாக்கப் கண்டது மெய்யாயிற்று.

முல்லர்-ஹில்லைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. கொலோன் நகரில் பேராசிரியரான பிறகு, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மானிய மரபியலர்கள் என்ன செய்தார்கள் என்று ஆவணக் காப்பகங்களில் தேடத் தொடங்கினார். அன்று உயிரோடிருந்த அறிஞர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் நேரில் கண்டு வினவினார். அவுஷ்விட்ஸ் முகாம் மருத்துவர் மெங்கலேயின் ஆசான் பெர்லினில் புகழ்பெற்ற மானிடவியல், மரபியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். முகாமில் எடுத்த இரத்தம் அந்நிறுவனத்துக்கு வந்தது. இவற்றையெல்லாம் 1984இல் நூலாக்கினார். தம் துறையினர் பலருக்கு அது இனிக்கவில்லை. வோல்மான் தம்பதியர் தொடங்கிவைத்த புதிரின் மறுபாதியை விடுவித்தவர், அவர்களைக் கொன்ற முகாமோடு தம் நாட்டு அறிவியலுக்கு இருந்த உறவையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நம் கருத்தில், அவருடைய இரு பணிகளுள் இரண்டாவது குறைந்ததன்று.

தடுப்பான் செயல்படும் விதத்தை இனிச் சுருக்கமாகக் கூறலாம். ஈ. கோலையின் மரபிழையில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்து இணைகள். அவற்றுள் இருபதை ஒட்டிய சில எழுத்துகளே தடுப்பானின் முதன்மையான இருக்கை. 1973இல் கில்பர்ட்டும் ஆலன் மேக்சமும் அப்பகுதியின் 24 எழுத்துகளைப் படித்தறிய ஈராண்டு செலவிட்டனர். தடுப்பான் நான்கு ஒத்த சங்கிலிகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் 360 அமினோ அமிலங்கள். இருக்கையில் அது அமர்ந்தால் படியெடுக்கும் நொதி மரபணுவைப் படிக்க இயலாது. பால் சர்க்கரை உள்ளே வந்தால் அதிலிருந்து பிறக்கும் சிறு மூலக்கூறொன்று தடுப்பானின் மற்றொரு பள்ளத்தில் ஒட்டுகிறது; புரதத்தின் உருவம் சற்றே திரும்புகிறது; டி.என்.ஏ.யின் மீதிருந்த பிடி தளர்கிறது. 1996இல் பென்சில்வேனியாவில் மிட்செல் லூயிசின் குழு இந்த உருவ மாற்றத்தைப் படிகப் படமாகவே காட்டிவிட்டது.

பள்ளத்தில் ஒட்டும் மூலக்கூறு உணவாகவே இருக்க வேண்டியதில்லை. கில்பர்ட் பயன்படுத்திய செயற்கைச் சர்க்கரையை நுண்ணுயிரால் உண்ண முடியாது. ஆயினும் அது கதவைத் திறக்கும். அடையாளத்துக்கும் பயனுக்கும் வேதியியல் கட்டாயம் எதுவும் இல்லை என்னும் இவ்வியல்புக்கு மோனோ இட்ட பிரெஞ்சுப் பெயருக்கு 'காரணமின்மை' என்றும் பொருள், 'இலவசக் கொடை' என்றும் பொருள். 1970இல் அவர் எழுதிய 'தற்செயலும் நியதியும்' என்ற நூலில் முதற்பொருளையே பற்றிக்கொண்டு, பேரண்டத்தில் மனிதன் தனித்தே இருக்கிறான் என்ற முடிவுக்குச் சென்றார். ஐரோப்பாவில் இறையியலாரும் மெய்யியலாரும் அதனோடு நெடுநாள் வாதிட்டனர். தடுப்பான் புரதத்திலிருந்து அம்முடிவு தானே விளைவதில்லை. அது அவருடைய மெய்யியல். ஆனால் எதிர்ப்பியக்கத்தில் உயிரைப் பணயம் வைத்தவரின் நூலை ஒரு வரியில் ஒதுக்கிவிடுவதும் நமக்குச் சரியாகப்படவில்லை. 1976 மே 31ஆம் நாள் அவர் கான் நகரில் இறந்தார்; ஜாக்கப் 2013 வரை வாழ்ந்தார்.

பாரிஸ் அறிஞர்கள் தடுத்தலையே பொது விதி என்று எண்ணினர். அரபினோஸ் என்னும் வேறொரு சர்க்கரையை ஆராய்ந்த எல்லிஸ் இங்கிள்ஸ்பர்க், அங்கே உள்ள புரதம் தடுப்பதோடு நில்லாமல் படியெடுத்தலை ஊக்குவிக்கவும் செய்கிறது என்று 1965இல் கூறியபோது பலர் நம்பவில்லை. பின்னர் மோனோவின் முதல் புதிருக்கே அவ்வழியில் பாதி விடை கிடைத்தது. குளுக்கோஸ் தீர்ந்தால் அணுவில் பசியின் அடையாளம் போன்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அதைத் தாங்கிய மற்றொரு புரதம் டி.என்.ஏ.யை வளைத்து அமர்ந்து, படியெடுக்கும் நொதியை அழைக்கிறது. மீதிப் பாதி வாயிலில் இருக்கிறது: குளுக்கோஸ் உள்ளவரை பால் சர்க்கரை அணுவுக்குள் நுழைவதே தடுக்கப்படுகிறது. 1940இல் கோடு படுத்துக் கிடந்த காரணம் இதுவே.

மனிதரில் இத்தகைய புரதங்கள் ஏறத்தாழ 1,600 வகை. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, அத்தகைய நான்கே புரதங்களைக் கொண்டு எலியின் தோலணுவைக் கருநிலை அணுவுக்கு ஒப்பான நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டு மனித அணுவிலும் அது கைகூடியது. மனிதக் கருவைச் சிதைத்தே இவ்வகை அணுக்களைப் பெற இயலும் என்ற நிலை அதனால் மாறியது. 2012இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பால் சர்க்கரையும் நம்மை விடவில்லை. குழந்தைப் பருவத்தில் எல்லாருக்கும் சுரக்கும் லாக்டேஸ் நொதி பெரும்பாலோருக்கு வளர வளரக் குறைகிறது. சிலருக்கு அம்மரபணுவிற்கு முன்னே ஓர் எழுத்து மாறியிருப்பதால், ஊக்கும் புரதம் அங்கே வலுவாகப் பிடித்து, வாழ்நாள் முழுதும் நொதி சுரக்கிறது. இந்தியாவில் அவ்வெழுத்து மாற்றம் வடமேற்கில் மிகுதி. தெற்கே வர வர அருகுகிறது. பால் குடித்தால் வயிறு பொருமுகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இப்படி ஒரு பின்னணி உண்டு.

தடுப்பானின் வரலாறு இப்போது நீலகிரி வரை வந்திருக்கிறது. இந்தியாவில் அரிவாளணு மரபு முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. சிவப்பணுக்கள் வளைந்து, நுண்குழல்களில் சிக்கி, எலும்புக்குள் கடும் வலி தரும் நோய் அது. கருவில் உள்ள குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் உண்டு. அதற்கு இக்குறை இல்லை. பிறந்த பின் ஒரு தடுப்புப் புரதம் அதன் மரபணுவை மூடிவிடுகிறது. அப்புரதத்தின் பங்கு 2008இல் தெளிவாயிற்று. இரத்த ஊற்றணுக்களில் அந்தத் தடுப்பானை உண்டாக்கத் தூண்டும் டி.என்.ஏ. பகுதியை மட்டும் வெட்டிவிட்டால், கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது. இவ்வாறான சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் ஒருவருக்கு அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். கருக்கால ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டும் மாத்திரை ஒன்று பல்லாண்டுகளாகவே உண்டு. ஹைட்ராக்சியூரியா என்பது அதன் பெயர், விலையும் குறைவு. மலைக் கிராமத்துத் தாய் ஒருத்திக்கு எட்டக்கூடியது இன்றைக்கு அந்த மாத்திரைதான். அதுவும் மாதந்தோறும் தவறாமல் வந்து சேர்ந்தால்.